மஸ்கி தொடங்கப் போகிறேன்: 600 டொலருக்குள் எந்தக் கோல், எந்த ரீல், எத்தனை லூர்?

புதுத்தூண்டில் (ஒஷாவா)

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக ஏரி மீன்களான பாஸும் வாலாயும் பிடிக்கிறேன், பெரிய வேட்டை மீனான மஸ்கிக்கென்று ஒருநாளும் போனதில்லை. போன ஜூலையில் பிஜியன் ஏரியில் பாஸுக்கு ஸ்பின்னர்பெய்ட் என்ற, தகடு சுழலும் லூரை (செயற்கை இரையை) எறிந்துகொண்டிருந்தேன். லூர் படகுக்குக் கிட்ட வரும்போது அதன் பின்னால் ஒரு நீளமான நிழல். முதலில் நீருக்கடியில் கிடக்கும் மரக்கட்டை என்று நினைத்தேன். கட்டை கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எறிந்தேன். ஒரு இழுப்பு, அவ்வளவுதான். 12 பவுண்ட் நூல் பிளேடு வைத்து வெட்டியதுபோல அறுந்திருந்தது. அந்தத் தூண்டில் முள்ளோடு மீன் போனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

இந்த முறை சீசன் திறக்கும்போது ஒழுங்கான சாமான்களோடு போக வேண்டும். கையில் 600 டொலர் இருக்கிறது. கேள்விகள் இவை: என் மீடியம் ஹெவி (நடுத்தரத்துக்குச் சற்று மேல் விறைப்பான) பாஸ் கோல் போதுமா? ரீல் பெரிதாக வேண்டுமா? கடைச் சுவரில் நூற்றுக்கணக்கான லூர்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் 30, 40 டொலர். எதை வாங்குவது, எதை விடுவது?

கவார்த்தாக் கரை (லிண்ட்சே)

தம்பி, அறுந்துபோன மீனை நினைத்து வருத்தப்படுகிறீர்கள் பாருங்கள், அது நல்லது. அந்த வருத்தத்திலிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறேன். லூர் கடைசி. முதலில் வாங்க வேண்டியது வலையும் கொக்கி கழற்றும் கருவிகளும். மஸ்கியைப் பிடிக்கிற சாமான் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுகிற சாமானைத்தான் நாங்கள் மஸ்கி சாமான் என்கிறோம். 40 அங்குல மீன் ஒன்று வளர ஏழெட்டு வருடம் ஆகலாம். ஒரு ஏரியில் இவை நிறைய இருப்பதும் இல்லை, உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கிற மீன். ஒன்று செத்தால் அந்தக் கரையில் அடுத்த பெரிய மீனுக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

வலை: வாய் அகலமாக, பை ஆழமாக, கண்ணிகளில் ரப்பர் பூசியதாக இருக்க வேண்டும். பாஸ் வலையில் மஸ்கியின் தலை மட்டும்தான் நுழையும். நான் மட்டக்களப்பில் அத்தாங்கு பிடித்து வளர்ந்தவன், எந்த வலையையும் சமாளிக்கலாம் என்று முதல் வருடம் சிறிய வலையோடுதான் போனேன். மீன் பாதி உள்ளே, பாதி வெளியே. உடம்பைச் சுழற்றிச் சுழற்றி நூலில் சிக்கி, செதிலும் சளியும் உரிந்துபோனது. அன்று வீட்டுக்கு வந்ததும் பெரிய வலை வாங்கினேன். வலை என்பது மீனைத் தூக்குவதற்கு அல்ல. படகின் ஓரமாக நீருக்குள்ளேயே மீனை வைத்திருக்கும் தொட்டி என்று நினையுங்கள். முள்ளை அங்கேயே கழற்ற வேண்டும்.

கருவிகள்: 11 அங்குலத்துக்குக் குறையாத நீளமூக்குக் குறடு ஒன்று. அப்புறம் தூண்டில் முள்ளையே வெட்டுகிற கட்டர். நிபெக்ஸ் கோபோல்ட் என்று ஒன்று, இங்கே மஸ்கிக்காரர்கள் எல்லோருடைய படகிலும் இருக்கும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எனக்கு ஏன் தெரியுமென்றால், ஒரு செப்டெம்பரில் லூரின் முன் முள் மீனின் தாடையில், பின் முள் என் உள்ளங்கையில். மீன் ஒவ்வொரு முறை உதறும்போதும் என் கை அதோடு போனது. கூட வந்த நண்பர் பதறாமல் முதலில் மீன் பக்கத்து முள்ளை வெட்டினார். மீன் விலகியது. பிறகு என் பக்கத்தில் முள்ளின் தண்டை வெட்டினார், மிச்சத்தை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். சாதாரண கம்பி வெட்டியால் அந்தத் தடித்த முள் அசைந்திருக்காது.

கோல், ரீல் பற்றி இரவு எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

பாஸ் பிரியன் (பிராம்ப்டன்)

வலை, கட்டர் எல்லாம் சரி அண்ணை. ஆனால் கோல் விஷயத்தில் என் அனுபவம் வேறு. 7 அடி மீடியம் ஹெவி பாஸ் கோல், 30 பவுண்ட் பிரெய்ட் (பின்னல் நூல்), அதில் 38 அங்குல மஸ்கி எடுத்திருக்கிறேன். 15 நிமிடம் போராட்டம், வாழ்க்கையில் மறக்க மாட்டேன். புதிதாகத் தொடங்குபவர் ஏற்கெனவே இருக்கும் கோலில் ஒரு சீசன் முயன்று பார்க்கலாமே. பிடிக்காமல் போனால் 400 டொலர் மிச்சம்.

பத்தாயிரம் வீச்சு (செயின்ட் பால், மின்னசோட்டா)

பாஸ் பிரியன், நானும் வந்த புதிதில் இப்படித்தான் செய்தேன், அதனால் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 15 நிமிடத்தைக் கொஞ்சம் மீனின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஓட்டப்பந்தயம் ஓடியவனின் காலில் லாக்டிக் அமிலம் சேர்வதுபோல, போராடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் தசையில் சேர்கிறது. கோடையில் நீர் சூடாக இருக்கும்போது அதில் ஆக்சிஜனும் குறைவு. கையை விட்டதும் நீந்திப் போகும், நமக்கு மகிழ்ச்சி. அப்புறம் ஆழத்தில் செத்துக் கிடக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது.

கனமான கோலும் 80 பவுண்ட் நூலும் நம் வசதிக்காக இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் மீனை வலைக்குள் கொண்டுவரத்தான். அதோடு இன்னொன்று: நீர் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நாங்கள் மஸ்கிக்குப் போவதை நிறுத்திவிடுவோம். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுத்தூண்டில், இங்கே மின்னசோட்டாவில் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளவே முடியாது. உங்கள் பக்கத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் (பீட்டர்பரோ)

ஒன்ராறியோவில் இரண்டு வகை லைசென்ஸ் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவுட்டோர்ஸ் கார்டோடு (மீன்பிடி, வேட்டைக்கான மாகாண அட்டை) ஸ்போர்ட் லைசென்ஸ் அல்லது கன்சர்வேஷன் லைசென்ஸ். கன்சர்வேஷன் வைத்திருந்தால் மஸ்கி ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது, பிடித்துத் திருப்பி விடலாம். திருப்பி விடத்தான் போகிறீர்கள் என்றால் அதுவே போதும், விலையும் குறைவு. உங்கள் பிஜியன் ஏரியும் சேர்ந்த கவார்த்தா ஏரிகளில் மஸ்கி சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கும். அதற்கு முன் மே மாதத்தில் கரையோரங்களில் பெரிய மீன் தெரியும், ஆசையாக இருக்கும், எறியக்கூடாது. முட்டையிட்டு முடித்துக் களைத்திருக்கும் மீன்கள் அவை. குறைந்தபட்ச நீளம் பகுதிக்குப் பகுதி மாறும், அரசின் மீன்பிடி விதிப் புத்தகத்தில் உங்கள் பகுதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் படகில்லாமல் கரையிலிருந்து பிடிப்பவள். அதைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன்.

கவார்த்தாக் கரை (லிண்ட்சே)

வேலை முடிந்து வந்துவிட்டேன். கோலுக்கு வருவோம்.

8 அடி 6 அங்குலம், ஹெவி. 9 அடியும் சரி, 8 அடிக்குக் கீழே வேண்டாம். நீளம் தூரமாக எறிவதற்கு என்று நினைப்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் படகோரத்தில் எட்டுப் போடுவது. அதைப் பிறகு விளக்குகிறேன். அதோடு நீளமான கோலில் நாள் முழுக்க எறிந்தாலும் முதுகு பிழைக்கும்.

ரீல்: பெய்ட்காஸ்டர்தான் (கோலின் மேல் உட்கார்ந்து, உருளையே சுழன்று நூல் விடும் வகை), ஸ்பின்னிங் ரீல் இந்த எடைக்கு ஒத்துவராது. உருண்டை வடிவம் பிடித்தால் ஆபு கார்சியா அம்பாசடர் 6500. என்னுடையது 11 வருடமாக ஓடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் போடுவதோடு சரி. கைக்குள் அடங்கும் தாழ்ந்த வடிவம் வேண்டுமென்றால் 300 அல்லது 400 அளவு, ஷிமானோ ட்ராங்ஸ், டைவா லெக்சா மாதிரி. பழையது வாங்கத் தயங்காதீர்கள். குளிர்காலத்தில் நிறையப் பேர் விற்பார்கள்.

நூல்: 80 பவுண்ட் பிரெய்ட். கவார்த்தாவில் நாம் பார்க்கும் மீன் பெரும்பாலும் 20 பவுண்டுக்குள்தான், அதற்கு எதற்கு 80 என்று எல்லோரும் கேட்பார்கள். எறியும்போது ரீலில் நூல் சிக்கினால் மூன்று அவுன்ஸ் லூர் காற்றில் சட்டென்று நிற்க வேண்டிவரும். மெல்லிய நூல் அங்கேயே டப் என்று அறும். 35 டொலர் லூர் பறவைபோலத் தனியாகப் பறந்து போகும். இரண்டு முறை பார்த்துவிட்டேன். பிரெய்ட்டை நேராக ரீலில் சுற்றாதீர்கள், அடியில் கொஞ்சம் சாதாரண நைலோன் சுற்றி அதன் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் முழு நூலும் ஸ்பூலில் வழுக்கும்.

லீடர், அதாவது நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் பல் அறுக்காத துண்டு, இல்லாமல் ஒருமுறைகூட எறியாதீர்கள். சீலா மீனின் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? மஸ்கியின் வாய்க்குள் அதற்குக் குறையாத பற்கள். 130 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லீடர், ஒரு அடிக்குக் குறையாமல். முதல் சீசனில் ஒரு கடையில் மூன்று சேர்த்து ஐந்து டொலர் என்று கட்டாகக் கிடைத்த லீடரை வாங்கினேன். நல்ல மீன் அடித்தது, லூரை மாட்டும் கொளுக்கியான ஸ்னாப் நேராக விரிந்து திறந்துகொண்டது. உங்களுக்கு வந்த அதே உறுத்தல் எனக்கும் வந்தது. லீடரில் நூலின் பலத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஸ்னாப்பையும் சுவிவலையும் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு) விரலால் இழுத்துப் பாருங்கள்.

புதுத்தூண்டில்

அண்ணை, கடையில் வைத்துக் கேட்டால்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள். கணக்குப் போட்டேன்: வலை, குறடு, கட்டர், கோல், பழைய அம்பாசடர் ஒன்று, நூல், இரண்டு லீடர். 510 வருகிறது. மீதி 90. அப்படியென்றால் மூன்று லூர்தான். எந்த மூன்று?

பத்தாயிரம் வீச்சு

மூன்று போதும், உண்மையாகவே போதும். என் பெட்டியில் அறுபது இருக்கின்றன, மீன் பிடித்தவை ஏழெட்டுதான்.

ஒன்று, பக்டெய்ல்: சுழலும் தகடும் மான்வால் முடியும் உள்ள லூர். மெப்ஸ் மஸ்கி கில்லர் வாங்குங்கள். விஸ்கான்சினில் ஆன்டிகோ என்ற சின்ன ஊரில் செய்கிறார்கள். எறி, சுற்று, வேறு வேலை இல்லை. தகடு சுழல்கிற அதிர்வு கோலின் அடிவரை கையில் தெரியும். அந்த அதிர்வு நின்றால் ஒன்று களை சிக்கியிருக்கிறது, இல்லை மீன் பின்னாலிருந்து தூக்கிவிட்டது. இரண்டுக்கும் பதில் ஒன்றே, இழுங்கள். பெரிய இரட்டைத் தகடு உள்ள கௌகர்ல் வகை இப்போது வேண்டாம். பிரமாதமான லூர், ஆனால் இழுக்க மிகவும் கனம், ஒரு மணி நேரத்தில் தோள் போய்விடும்.

இரண்டாவது, ட்ரிஃப்டர் பிலீவர், மீன் வடிவ லூர், எட்டு அங்குலம். அதில் லீடர் மாட்ட இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் மாட்டினால் மேலாக ஓடும், மற்றதில் மாட்டினால் ஆழமாகப் போகும். ஒரு லூர் விலையில் இரண்டு. எறியலாம், படகின் பின்னால் இழுத்தும் போகலாம்.

மூன்றாவதில்தான் கருத்து வேறுபாடு வரும். நான் மேல்நீர் லூர் சொல்வேன், வால் சுழன்று சத்தம் போடும் வாப்பர் ப்ளாப்பர் மாதிரி. விடியற்காலையில், காற்றில்லாத நீரில், அது ப்ளக் ப்ளக் என்று வந்துகொண்டிருக்கும்போது பின்னால் நீர் பொங்கும் பாருங்கள். ஒன்று கவனம்: நீர் வெடித்ததும் இழுக்கக்கூடாது. மீனின் கனம் கையில் தெரிந்த பிறகுதான்.

சென்கிளேர் அலை (விண்ட்சர்)

மூன்றாவதாக நான் ரப்பர் லூர் சொல்வேன், புல் டாக் ரெகுலர் சைஸ். மேல்நீர் லூர் காலையும் மாலையும்தான், நடுப்பகலுக்கு என்ன செய்வார்? மேக்னம் சைஸ் மட்டும் வேண்டாம், அந்த எடைக்கு வேறு கோல் தேவைப்படும்.

எங்கள் பக்கம் கதை வேறு. சென்கிளேர் ஏரி பரந்த தட்டு, ஆழமில்லை, மீன் எங்கே என்று எறிந்து தேடுவது கஷ்டம். மணிக்கு மூன்றிலிருந்து ஐந்து மைல் வேகத்தில் ட்ரோலிங்தான் (படகின் பின்னால் லூரை இழுத்துப் போவது) பெரும்பாலும். ஒருநாள் இந்தப் பக்கம் வந்தால் அந்த பிலீவர் கைகொடுக்கும்.

கவார்த்தாக் கரை

கவார்த்தாவுக்கு நான் மேல்நீர் பக்கம்தான். எங்கள் ஏரிகளில் களை அதிகம், ஜூலையில் பாதி இடம் மூடிவிடும். முள்களோடு ஆழத்தில் இறங்கும் லூர் ஒவ்வொரு எறிக்கும் ஒரு பிடி கீரையோடு வரும். நிறத்துக்கு அதிகம் யோசிக்காதீர்கள்: கலங்கிய நீரில் கறுப்பும் ஆரஞ்சும், தெளிந்த நீரில் வெள்ளி அல்லது பெர்ச் மீனின் நிறம்.

எறிய வேண்டிய இடம் களையின் நடுவில் அல்ல, களை முடிந்து ஆழம் தொடங்கும் அந்த ஓரம். படகை ஓரத்துக்கு இணையாக வைத்து எறியுங்கள்.

இப்போது எட்டு. லூர் படகுக்கு வரும்போது நூலை முழுக்கச் சுற்றிவிடாதீர்கள். லீடர் அளவுக்கு, ஒரு அடி ஒன்றரை அடி வெளியே இருக்கட்டும். கோலின் நுனியை நீருக்குள் அமுக்கி, பெரிய எட்டு ஒன்றை வரையுங்கள். வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, நாலடி மீன் சின்ன வளைவில் திரும்ப முடியாது. திரும்பும்போது கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். பின்னால் மீன் தெரிந்தாலும் போடுங்கள், தெரியாவிட்டாலும் போடுங்கள். அரை இருட்டில் ஆழத்தில் வருவதைக் கண் பார்க்காது. போன ஜூலையில் உங்களைப் பார்த்துவிட்டுப் போனதே ஒரு மீன், அதற்கு நீங்கள் ஒரு எட்டுப் போட்டிருந்தால் கடித்திருக்கலாம்.

நீரோட்டம்

கரையிலிருந்தும் இது முடியும், எட்டுக்குப் பதில் ஆங்கில எல் (L) எழுத்தின் வடிவம். கடைசி இரண்டு மீட்டரில் கோலைக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுத்தால் லூர் திரும்பும், அந்தத் திருப்பத்தில்தான் எனக்கு இரண்டு மீன் கடித்தன. ட்ரென்ட் செவர்ன் கால்வாயின் லொக் (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு) அருகிலும் கால்வாய்ப் பாலங்களிலும் தடை உண்டு, பலகை பார்த்து நில்லுங்கள். கரையில் தனியாக நின்று மஸ்கியை வலையில் எடுப்பது கஷ்டம், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீனைக் கல்லிலோ புல்லிலோ இழுத்துப் போடவே கூடாது.

பாஸ் பிரியன்

பத்தாயிரம் வீச்சு எழுதியதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அந்த 38 அங்குல மீனைப் படம் எடுக்க நான் எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தேன் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கோலை இனி பாஸுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். படம் எடுப்பது எப்படி, அதையும் சொல்லுங்கள்.

கவார்த்தாக் கரை

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள், தம்பி. மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் அதற்கும் முட்டுகிறது. கெமரா முதலே தயாராக இருக்க வேண்டும், அதுவரை மீன் வலையில் நீருக்குள். ஒரு கை செவுள் மூடியின் உள்பக்கம், செவுளைத் தொடாமல். மறு கை வயிற்றின் கீழே. படுக்கை வாட்டில்தான் தூக்க வேண்டும், தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் உள்ளுறுப்பைக் காயப்படுத்தலாம். பிறகு வாலடியைப் பிடித்து நீரில் நிமிர்த்தி வைத்திருங்கள். அது போக நினைக்கும்போது உங்கள் கையை உதறிவிட்டுப் போகும்.

புதுத்தூண்டில்

ஜூன் முதல் சனி முடிந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் மச்சானும் காலை ஐந்தரைக்கு பிஜியன் ஏரியில் இறங்கினோம். மேல்நீர் லூரில் எட்டு மணிவரை ஒன்றுமில்லை. பக்டெய்லில் ஒரு மீன் பின்னால் வந்து எட்டின் முதல் வளைவில் விலகிப் போனது, நான் வளைவைக் குறுக்கிவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது. பதினொரு மணிக்கு பிலீவரை மேல் வளையத்தில் மாட்டிக் களை ஓரத்தில் எறிந்தேன். வந்த லூரின் பின்னால் எதையும் காணவில்லை. அண்ணை சொன்னாரே என்று எட்டுப் போட்டேன். இரண்டாவது வளைவில், என் காலடியில், வெள்ளை வாய் ஒன்று பக்கவாட்டில் திறந்து லூரை மூடியது. நீர் முகத்தில் அடித்தது.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மச்சான் வலையை நீருக்குள் வைத்துக் காத்திருந்தான், தலையைத் திருப்பி உள்ளே விட்டேன். 37 அங்குலம், வலையோரத்தில் அளவுநாடா வைத்துத்தான் பார்த்தோம். ஒரு முள் தாடையின் உள்ளே செவுளுக்குக் கிட்ட இறங்கியிருந்தது. குறடால் இரண்டு தடவை முயன்றேன், இரத்தம் எட்டிப் பார்த்தது, நிறுத்திவிட்டேன். கட்டரை எடுத்துத் தண்டை வெட்டினேன், இரண்டு துண்டாக விழுந்தது. படம் எடுக்கவில்லை. வாலைப் பிடித்து வைத்திருந்தேன், அரை நிமிடம் இருக்கும். வால் ஒருமுறை கெட்டியாக அசைந்தது, கை காலியாகிவிட்டது. இப்போதும் உள்ளங்கையில் அந்தச் சளியின் வாசம் இருப்பதுபோல இருக்கிறது.

பிலீவரில் இப்போது நடு முள் இல்லை. புதிய முள் எந்த அளவு வாங்க வேண்டும்?

கவார்த்தாக் கரை

படிக்கும்போது எனக்கே கை நடுங்கியது, தம்பி. நல்லது செய்தீர்கள்.

வெட்டின துண்டையும் மிச்சமிருக்கும் பின் முள்ளையும் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு, அதே தடிமனில் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் லூர் தாழ்ந்து ஓடும், சின்னதாகப் போட்டால் ஆட்டம் மாறும். வளையத்தைத் திறக்க ஸ்ப்ளிட் ரிங் குறடு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், நகத்தால் முயலாதீர்கள். இரண்டு மூன்று முள் கூடுதலாக வாங்கி வையுங்கள், இனி அடிக்கடி வெட்ட வேண்டிவரும்.